ஃபார்குவார் சாலையில் அப்பாவின் பள்ளி

இன்று காலை மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஃபார்குவார் சாலையில், என் தந்தை படித்த செயின்ட் சேவியர் பள்ளியின் வாயிலில் சற்று நேரம் நின்றேன். 1852ஆம் ஆண்டில் லா சால் என்னும் கத்தோலிக்கத் துறவு சபையின் அருட்சகோதரர்கள் இத்தீவுக்கு வந்து, கத்தோலிக்கக் குருக்கள் அதற்கு முன்பே நடத்திவந்த பள்ளியைத் தங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் குருக்கள் அல்லர். திருப்பலி நிறைவேற்றும் பணியை ஏற்காமல், கற்பித்தலையே தம் துறவு வாழ்வாகக் கொண்டவர்கள். இப்பள்ளியின் குணத்தை உருவாக்கியது அந்த அர்ப்பணிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சீனர், தமிழர், மலாய்க்காரர், ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழியினரான யுரேசியர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்தார்கள். இந்துவான தம்மிடம் ஒருவரும் மதத்தைப் பற்றி வற்புறுத்தியதில்லை என்று அப்பா பலமுறை நன்றியோடு கூறியிருக்கிறார்.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பழைய கட்டடம் அழிந்தது. 1950களில் புதியது எழுந்தது. பின்னர் பயிற்றுமொழி ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறியது, சகோதரர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. உழைப்பு அனைத்தையும் வெல்லும் என்னும் பொருள் தரும் இலத்தீன் குறிக்கோள் மட்டும் மாறவில்லை. அதை அப்பா தமிழில் எழுதி எங்கள் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார்.

அங்குப் படித்த நம்மவர்கள் தங்கள் ஆசிரியர்களைப் பற்றி இங்கே எழுதினால், அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.