வேலியில் கட்டியிருந்த பலகை

பலகையை முதலில் பார்த்தது எங்கள் அத்தைதான். தெருக்கோடியில் இருக்கும் காலி மனையோரம் ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. யாரோ எப்போதோ வைத்தது, தெருவே பறிக்கும். அங்கே போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, "வேலியில என்னமோ எழுதிக் கட்டியிருக்கு, போய்ப் படி" என்றார்.

போய்ப் படித்தேன். பாதியைச் செடி மறைத்திருந்தது. விலக்கிப் பார்த்தால் ஆங்கிலத்திலும், இந்த ஊர் மொழியான சூலுவிலும் ஒரே செய்தி. தனிவீடு மட்டும் கட்டலாம் என்று இருக்கும் அந்த மனையை அடுக்குமாடி கட்டும் வகைக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பம். ஐந்து மாடி, 60 வீடுகள். ஆட்சேபணையோ கருத்தோ இருந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் தரலாம். தேதியைக் கணக்குப் பார்த்தேன். 19 நாள் போய்விட்டிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 26 வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மனையில் எதைக் கட்டலாம் என்ற வகையை மாற்றுவதற்கு ரீசோனிங் என்று பேர் என்பதே அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. டர்பன் பக்கமே இருக்கும் பீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இதே மாதிரிப் பலகைகளை இப்போது பார்க்கிறேன். மீதி இருந்த அந்த 11 நாளில் நாங்கள் என்ன செய்தோம், எங்கே தப்புப் பண்ணினோம் என்பதை யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் கூடினோம். எதிர்வீட்டு அண்ணா, மூலைவீட்டு மாமா, பக்கத்து வீட்டு அக்கா, இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் கோபம். கோபத்தில் ஒரு மனு எழுதினோம். வீட்டு விலை இறங்கிவிடும், வெளியாட்கள் வருவார்கள், திருட்டு அதிகமாகும், நிம்மதி போய்விடும் என்று நாலு வரி. அதன் கீழே கையெழுத்துகள். ஒரே ராத்திரியில் மூன்று தாள் நிறைந்துவிட்டது.

அத்தை மட்டும் பேசவில்லை. எல்லோரும் போன பிறகு டீ கப்புகளை எடுத்துக்கொண்டே, "எங்களுக்கு யாரும் பலகை கட்டல. லாரிதான் வந்துது" என்றார்.

அத்தை பிறந்தது டர்பனிலேயே இருக்கும் கேட்டோ மேனரில். அவருடைய அப்பா அங்கே குத்தகை நிலத்தில் கீரையும் பீன்ஸும் போட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனவர். 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டது. கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களையும் கறுப்பினத்தவரையும் கிளப்பினார்கள். இந்தியர்களுக்கென்று 1964இல் திறந்ததுதான் சாட்ஸ்வொர்த். முதுகோடு முதுகு ஒட்டினாற்போல ஒரே அச்சில் வார்த்த வீடுகள், பெயருக்குப் பதில் யூனிட் நம்பர். பழைய ஆட்கள் இன்றைக்கும் "எந்த யூனிட்?" என்றுதான் கேட்பார்கள். அங்கே இடித்த நிலமோ பல வருஷம் புல் முளைத்துச் சும்மா கிடந்தது. கோயில்கள் மட்டும் நின்றன. அத்தைக்கு அப்போது 12 வயசு. சமையல் சாமானைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றியதும், அம்மிக்கல்லை ஏற்ற மறந்ததும் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதைக் கேட்டபிறகு அந்த மனுவை எனக்குத் திரும்பப் படிக்க முடியவில்லை. ஆனால் என்ன எழுதவேண்டும் என்றும் தெரியவில்லை.

வழி காட்டியது எங்கள் சின்ன மாமனாரின் பேத்தி. குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தில் டவுன் பிளானிங் படிக்கிறாள். சனிக்கிழமை வந்தாள், மனுவைப் படித்தாள், சிவப்புப் பேனாவை எடுத்தாள். "சித்தி, இதுல ஒரு வரிகூட நிக்காது" என்றாள்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது. நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது பற்றி 2013இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, ஸ்ப்ளூமா என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 2015 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்த மாதிரி விண்ணப்பங்களை விசாரிக்க முனிசிபாலிட்டி ஒரு டிரிபியூனல், அதாவது விசாரித்து முடிவு சொல்லும் குழு, வைத்திருக்கவேண்டும். குறைந்தது ஐந்து பேர். முனிசிபாலிட்டி அதிகாரிகளும் இருப்பார்கள், வெளியிலிருந்து திட்டமிடல் தெரிந்தவர்களும் இருப்பார்கள். கவுன்சிலர் யாரும் அதில் உறுப்பினராக முடியாது. எதிர்வீட்டு அண்ணா அதுவரை, "கவுன்சிலருக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போன் போட்டால் கவுன்சிலர் கேட்டுக்கொள்வார், ஆனால் ஓட்டு அவர் கையில் இல்லை.

அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஒரு விஷயம் இருக்கிறது. நிலத்தின் விலை பாதிக்கப்படும் என்ற ஒரே காரணம் டிரிபியூனலின் கையைக் கட்டிப்போடாது. எங்கள் மனுவின் முதல் வரியே அங்கே விழுந்துவிட்டது. வெளியாட்கள் என்ற வரியை அவள் அடித்த விதம் வேறு. "இதை எழுதினா நம்ம மேல உள்ள மரியாதையே போயிடும். பழைய பிரிவினையைச் சரி பண்ணத்தான் இந்தச் சட்டமே" என்றாள். இட நீதி, அதாவது முன்பு ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கும் நிலம் கிடைக்க வழி செய்வது, அந்தச் சட்டத்தின் முதல் கொள்கை. அத்தை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, எதுதான் நிற்கும்? 42ஆம் பிரிவில் அதற்கு விடை இருக்கிறது. பொதுநலன், அந்த இடத்தின் உண்மை நிலை, சம்பந்தப்பட்ட எல்லோருடைய உரிமை, தண்ணீர், கழிவுநீர், சாலை இவற்றின் தாங்கும் சக்தி, பள்ளி, திறந்தவெளி. இவற்றையெல்லாம் டிரிபியூனல் பார்த்தே ஆகவேண்டும். எங்கள் தெருவில் வாழ்வதால் எங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் எவையோ, அவற்றை இந்தத் தலைப்புகளுக்குக் கீழே வைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் அது பெரிய வேலை.

திங்கட்கிழமை மூலைவீட்டு மாமாவும் நானும் விண்ணப்பக் கோப்பைப் பார்க்கப் போனோம். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கோப்பு தடிமனாக இருந்தது. அதில் ஒரு போக்குவரத்து அறிக்கை. வண்டிகளை எண்ணிய தேதியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ஜூலை முதல் வாரம். பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை! காலை ஏழு மணிக்கு எங்கள் ரோபோவில், இந்த ஊரில் சிக்னலுக்கு அதுதான் பேர், பள்ளி வண்டிகளும் மினிபஸ் டாக்ஸிகளும் எப்படி முட்டி நிற்கும் என்பது வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவரும் எனக்குத் தெரியாதா? மறுநாளும் அதற்கடுத்த நாளும் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணினோம். அறிக்கையில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. தேதி, நேரம், எண்ணியவர் பேர் எல்லாம் எழுதி இணைத்தோம்.

கழிவுநீர்க் குழாய் விஷயம் முழுக்க மாமாவுடையது. வாழ்நாள் முழுக்கப் பிளம்பிங் வேலை பார்த்தவர். இருக்கும் குழாயே போதும் என்று கோப்பில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் பின்வாசலுக்குக் கூட்டிப்போய் மேன்ஹோல் மூடியைக் காட்டினார். வீடு கட்டிய காலத்தில் போட்ட குழாய் அது. வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று கணக்குப் போட்டது. இன்றைக்குத் தெருவில் பாதி வீட்டுக்குப் பின்னால் அவுட்பில்டிங் இருக்கிறது, அதில் ஒரு குடும்பம் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை யாரும் மறக்கமாட்டார்கள். மாகாணத்தில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த 11ஆம் தேதி ராத்திரி இதே மூடி, கொதிக்கிற சட்டியின் தட்டு மாதிரி எழும்பி எழும்பி விழுந்தது. மாமா டார்ச் அடித்து போனில் படம் எடுத்து வைத்திருந்தார். தேதியும் நேரமும் படத்திலேயே இருந்தது. மூன்று பக்கக் கடிதத்தைவிட அந்த ஒரு படம்தான் பேசியது என்று இன்றும் நம்புகிறேன்.

கடிதத்தில் அதிக நேரம் பிடித்தது ஒரே ஒரு வாக்கியம். "இங்கே வீடுகள் வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை." இதை முதல் வரியாக வைக்கவேண்டும் என்று நான் சொன்னேன். இரண்டு ராத்திரி சண்டை. எதிர்த்து எழுதும் கடிதத்தில் எதிர்க்கவில்லை என்று எழுதுவதா என்றார்கள். என் கணவரின் தம்பி மகன் இரண்டு குழந்தைகளோடு எங்கள் பின்கட்டு ஒற்றை அறையில் இருக்கிறான். வாடகைக்கு வீடு கிடைக்காமல் மூன்று வருஷமாகத் தேடுகிறான். 60 வீட்டில் ஒன்றுக்கு அவனும்தானே விண்ணப்பம் போடுவான்? யாரை வெளியாள் என்று எழுதுவது? கடைசியில் வாக்கியம் நின்றது. ஒரு குடும்பம் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அவர்களோடு பேச்சு பழையபடி ஆக மாதங்கள் ஆயிற்று. அந்த வருத்தம் எனக்கு உண்டு, ஆனால் வாக்கியத்தை எடுத்திருக்கமாட்டேன்.

கையெழுத்துத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு கடிதம் என்று எழுதினோம். பேர், முகவரி, அந்த மனையிலிருந்து எவ்வளவு தூரம், என்ன பாதிப்பு. அவரவர் சொந்தச் சொல்லில். அத்தை தமிழில் சொன்னார், நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

கடைசி நாளில் ஒரு தப்பு நேர்ந்தது, அது என்னுடையது. எல்லாக் கடிதங்களையும் படங்களையும் ஒரே ஈமெயிலில் காலையில் அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். கோப்பு பெரிதாக இருந்ததால் போகாமல் திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்த்தது பிற்பகல் இரண்டரைக்கு. எதிர்வீட்டு அண்ணா அவருடைய பக்கியில், இங்கே சின்ன பிக்கப் வண்டிக்கு அதுதான் பேர், ஏற்றிக்கொண்டு ஊருக்குள் விரட்டினார். அச்சடித்த கட்டை நேரில் கொடுத்து, எங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கியபோது மூன்றரை. நகலில் முத்திரை வாங்காமல் யாரும் திரும்பாதீர்கள். ஈமெயிலை முந்தின நாளே துண்டு துண்டாக அனுப்புங்கள்.

பிறகு ஏழு மாதம் ஒன்றுமில்லை. ஒருநாள் விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம்.

ஐந்து பேர் மேசைக்குப் பின்னால். விண்ணப்பதாரர் பக்கம் ஒரு வக்கீல், இரண்டு நிபுணர்கள். எங்களுக்குப் பத்து நிமிஷம். மாமா படத்தைக் காட்டினார், நான் எண்ணிய கணக்கைச் சொன்னேன். விடுமுறை வாரம் என்று சொன்னதும் ஒருவர் தலை நிமிர்ந்து கோப்பைப் புரட்டினார். கடைசியில் அத்தை எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தன்னை ஒருமுறை கேட்காமல் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள் என்றும், இப்போது வரப்போகிறவர்களுக்கு வீடு கொடுங்கள், ஆனால் மழை பெய்தால் அவர்கள் வீட்டில் சாக்கடை ஏறாதபடி கொடுங்கள் என்றும் சொன்னார். அவ்வளவுதான். முந்தானையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவருடையது நடுங்கவில்லை.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. அனுமதி உண்டு, நிபந்தனைகளோடு. ஐந்து மாடி மூன்றாயிற்று. மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக வெளியேவிட மனைக்குள்ளேயே தொட்டி. வண்டி நிறுத்த இடம் உள்ளேயே. ஆள் குடியேறுமுன் கழிவுநீர்க் குழாயைப் பெரிதாக்கவேண்டும். பிள்ளைகள் பந்து விளையாடிய மூலையைக் கேட்டிருந்தோம், அது கிடைக்கவில்லை.

முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் ஒரு கூட்டம் போட்டோம். பாதிப் பேர் போகலாம் என்றார்கள். அத்தை, "கேட்டாங்க, சொன்னோம், பாதி கேட்டுக்கிட்டாங்க. பிள்ளைங்க வீடில்லாம இருக்குதுங்க" என்றார். போகவில்லை.

அந்தப் பேத்தி பிற்பாடு ஒன்று சொன்னாள், அது எனக்கு உறைத்தது. பலகை வந்தபிறகு பேசுவது கடைசி நேரம். எந்தப் பகுதியில் எத்தனை மாடி, எங்கே கடை, எங்கே பூங்கா என்பதெல்லாம் நிலப் பயன்பாட்டுத் திட்டத்திலும் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்திலும் முன்னாலேயே எழுதப்படுகிறது. வளர்ச்சித் திட்டத்தை வருஷா வருஷம் திருத்துகிறார்கள். முனிசிபாலிட்டியின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குவதால், மார்ச் முடிவதற்குள் வரைவு பட்ஜெட் வந்துவிடும், ஏப்ரல் மே மாதங்களில் மக்கள் கருத்துச் சொல்லலாம். 26 வருஷத்தில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் போனதே இல்லை. போன வருஷம்தான் முதல்முறை போனேன். ஹாலில் பாதி நாற்காலி காலி.

இப்போது கட்டடம் இரண்டாவது தளம் வரை எழும்பிவிட்டது. கறிவேப்பிலை மரத்தை வேலியோரமாக விட்டுவைத்திருக்கிறார்கள். பெரிய குழாய் தெருவின் மேல்பாதிக்கு மட்டும் வந்திருக்கிறது. கீழ்ப்பாதிக்கு, அதாவது எங்கள் மேன்ஹோல் இருக்கும் பக்கத்துக்கு, இன்னும் தோண்டவில்லை. கட்டுகிறவர்களுக்கு மாமா இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார், நிபந்தனை நம்பரைக் குறிப்பிட்டு. இந்த ஏப்ரல் கூட்டத்துக்கு அந்தக் கடித நகலையும் முடிவின் நகலையும் எடுத்துப்போகிறோம். அத்தையும் வருகிறார்.