கப்பலில் போட்ட கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. அவர் ரஜுலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கிய கதையை மட்டும் வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கையில் என்னை முதலில் ஈர்த்தது நோபல் பரிசு அன்று, ஒரு கப்பல் பயணம்தான்.

1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர், 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீனை, நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே தாங்குகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்த எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும் என்பதையும் சேர்த்துக் கப்பலிலேயே கணக்கிட்ட சந்திரசேகர், அந்த அழுத்தம் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். இன்றைய மதிப்பில் அது சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு.

1935 ஜனவரியில், லண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும், புகழ்பெற்ற ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் எழுந்து அந்த முடிவை எள்ளி நகையாடினார். எடிங்டனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சந்திரசேகரோ அவருடன் நட்பை முறித்துக்கொள்ளவில்லை. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு துறையில் பல ஆண்டுகள் மூழ்கி, தடித்த நூலொன்றை எழுதி முடித்து, அடுத்த துறைக்குப் போய்விடுவது அவர் வழக்கம்: விண்மீன் அமைப்பு, கதிர்வீச்சுப் பரவல், பாய்ம நிலைத்தன்மை, பின்னர் கருந்துளை. நோபல் 1983இல்தான் வந்தது.

இவற்றையெல்லாம் படிவம் ஐந்து படிக்கும் அக்கா மகளிடம் சொன்னேன். இடியாப்பத்தைப் பிய்த்தபடியே கேட்டாள்: “அந்தக் கப்பல்ல கால்குலேட்டர் இருந்துச்சா மாமா?”