மசகு எண்ணெயின் சேர்பொருள்கள்: உராய்வியல் தாளுக்குப் படித்த விதம்

உராய்வு, தேய்மானம், மசகு ஆகியவற்றைப் படிக்கும் உராய்வியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களில் பலர் பேரிங் கணக்குகளிலேயே நேரம் முழுவதையும் செலவிடுகிறார்கள். எண்ணெயின் திறனைக் கூட்ட அதில் சிறிதளவு கலக்கும் சேர்பொருள்கள் பற்றிய பகுதியைப் பெயர், பயன் என்று ஓர் அட்டவணையாக மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தஞ்சாவூரில் எம்.இ. படித்தபோது நான் மிகவும் விரும்பிப் படித்தது அந்தப் பகுதியைத்தான். தேர்வில் கைகொடுத்ததும் அதுவே. எண்ணெயில் கரைந்திருக்கும் ஒரு பொருள் உலோகத்தின் மேல் எப்படிப் படலமாகிறது என்பதைத் தொடக்கம் முதல் வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். வினா எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எழுதிவிடலாம்.

படலம் எங்கே தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1902இல் ஸ்ட்ரிபெக் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த, வேகம், பாகுத்தன்மை, சுமை ஆகியவற்றைப் பொறுத்து உராய்வு மாறுவதைக் காட்டும் வளைகோட்டை முதலில் வரையுங்கள். வேகமும் பாகுத்தன்மையும் போதுமானதாக இருந்தால் எண்ணெயே இரு பரப்புகளையும் பிரித்து வைத்துவிடும். அங்கே சேர்பொருளுக்கு அதிக வேலை இல்லை. வேகம் குறைந்தாலோ சுமை கூடினாலோ பரப்புகளின் மேடுகள் ஒன்றையொன்று தொடும். எண்ணெய்ப் படலத்தின் தடிமனை இரு பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தால் வருவது லாம்டா. தடிமன் 0.3 மைக்ரோமீட்டர், பரப்புகளின் சொரசொரப்பு 0.4, 0.3 மைக்ரோமீட்டர் என்றால் கூட்டுச் சொரசொரப்பு (இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்) 0.5, லாம்டா 0.6. அது ஒன்றுக்குக் கீழே இருப்பதால் மேடுகள் தொட்டு உரசும் எல்லை மசகு நிலை. இந்தச் சிறு கணக்கை விடையின் முகப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் கோடையில், மேட்டூர் அணை திறப்பதற்கு முன், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் போங்கள். பம்புசெட் டீசல் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தால் லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயின்) மேல் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். பிஸ்டன் அங்கேதான் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வேகம் சுழியாகும் அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிந்துபோகும். மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் விளிம்பாகத் தட்டுப்படும். வால்வைத் திறக்கும் கேமின் மூக்கும் அது தள்ளும் டேப்பட்டும் இதே துன்பத்தைப் படுகின்றன. பாடத்தில் ‘எல்லை நிலை’ என்று படிப்பது இந்த இடங்களைத்தான்.

இனி படலங்கள். எளியது ஒட்டுப் படலம். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தின் முனைவுள்ள தலை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும், கார்பன் சங்கிலி வெளியே நீட்டி நிற்கும். நாற்றங்காலில் நெருக்கி வளர்ந்த நாற்றுகள் போல அவை நிமிர்ந்து நிற்பதால் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசுவதில்லை. எல்லை மசகு நிலையை 1920களில் விரிவாக ஆராய்ந்தவர் ஹார்டி. வண்டி அச்சுக்கு நம் ஊரில் விளக்கெண்ணெய் போட்டதற்கும் இதில் விளக்கம் உண்டு. அதிலுள்ள ரிசினோலெயிக் அமிலம் முனைவுத்தன்மை மிக்கது. ஆனால் வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டினால் இந்த வரிசை குலைந்து பிடி விட்டுப்போகும். அந்த வரம்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்யும் சேர்பொருள் துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட். இந்தப் பகுதியின் உயிர் இதுதான். இதற்கே அதிக நேரம் கொடுங்கள். எண்ணெய் ஆக்சிஜனேற்றத்தையும் அரிப்பையும் தடுக்க 1940களில் வந்த இந்தப் பொருள், தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இதன் மூலக்கூறு முதலில் பரப்பில் ஒட்டுகிறது. உரசலின் வெப்பமும் வெட்டுத்தகைவும் (பரப்புகள் பக்கவாட்டில் இழுபடும் விசை) சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. துத்தநாக, இரும்பு பாஸ்பேட்டுகள் கண்ணாடி போன்ற திட்டுகளாகப் படிகின்றன. உலோகத்தை ஒட்டிக் கந்தகச் சேர்மங்கள் நிறைந்த மெல்லிய அடுக்கு. மேலே நீண்ட சங்கிலிப் பாலிபாஸ்பேட். மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவுதான். உரசிய தடத்தில்தான் இது வளர்கிறது. பக்கத்திலேயே உரசாத உலோகத்தில் இத்தகைய படலம் இருக்காது. வெட்டுத்தகைவு வினையை முடுக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று விடைத்தாளில் எழுதக் கிடைக்காது. படலம் தேய்ந்தால் எண்ணெயிலுள்ள சேர்பொருளிலிருந்து மீண்டும் உருவாகும். ஒரு குறையையும் எழுதுங்கள்: இது தேய்மானத்தைக் குறைத்தாலும், எல்லை நிலையிலும், சுமையை எண்ணெயும் மேடுகளும் பகிரும் கலப்பு நிலையிலும் உராய்வைக் கூட்டக்கூடும். உராய்வைக் குறைக்க மாலிப்டினம் சேர்மம் வேண்டும். அது உரசும் இடத்தில் மாலிப்டினம் டைசல்பைடு தாள்களாகி எளிதில் வழுக்கும்.

ஈ.பி. (மிகை அழுத்த) கியர் எண்ணெய் இன்னும் கடுமையான இடத்துக்கு உரியது. பல்லும் பல்லும் மோதும்போது எழும் கணநேர வெப்பத்தில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடாகிறது. அந்த அடுக்கு தேய்ந்து போனாலும் பற்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதில்லை. வெண்கலச் சக்கரமுள்ள வார்ம் கியருக்கு இதை ஊற்றலாமா என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், வீரியமுள்ள கந்தகம் செம்புக் கலவைகளை அரிக்கும் என்று சொல்லுங்கள். தாமிரப் பட்டைச் சோதனை அதற்காகவே இருக்கிறது.

நம் டெல்டாவுக்கே உரிய ஒரு கருத்தையும் சேர்க்கலாம். அறுவடைக் காலத்தில் காற்றில் பறக்கும் தூசியில் மண்ணும் உமித்தூளும் உண்டு; உமியில் சிலிக்கா இருக்கிறது. பல மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் உள்ளே புகுந்தால் 0.1 மைக்ரோமீட்டர் படலத்தால் என்ன செய்ய முடியும்? அங்கே காற்று வடிகட்டிதான் காப்பு. சேர்பொருளின் எல்லையை அறிந்து எழுதியவர் என்பது திருத்துபவருக்கு இதிலேயே தெரிந்துவிடும்.

13 மதிப்பெண் வினாவுக்குப் படங்கள் இரண்டு போதும்: ஸ்ட்ரிபெக் வளைகோடு ஒன்று, படலத்தின் அடுக்குகளைக் காட்டும் குறுக்குவெட்டு ஒன்று. குறுக்குவெட்டில் தடிமனை எண்ணாலேயே குறியுங்கள்.

கடைசியாக, எண்ணெயின் காப்புத் திறனை அளக்கும் நான்கு பந்துச் சோதனை. 12.7 மி.மீ. விட்டமுள்ள மூன்று எஃகுப் பந்துகள் அசையாமல் இருக்க, நான்காவது பந்து அவற்றின் மேல் சுழல்கிறது. தேய்மானச் சோதனையில் நிமிடத்துக்கு 1200 சுற்று, 75 டிகிரி செல்சியஸ், 60 நிமிடம். முடிவில் கீழ்ப் பந்துகளின் தழும்பு விட்டத்தை அளப்பார்கள். ஈ.பி. திறனுக்கான சோதனை வேறு: ஒவ்வொரு ஓட்டமும் 10 விநாடி, பந்துகள் பற்றிக்கொண்டு ஒட்டும் வரை சுமையைப் படிப்படியாக ஏற்றுவார்கள். இந்த இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்.