அரை மணி நேர வேலை

புரோகிராமருக்கு வந்த டிக்கெட்டில் (வேலைச் சீட்டில்) ஒரே ஒரு வரி: "ரத்தான ஆர்டர்களை லிஸ்டிலிருந்து எடுக்கவும்." எஸ்டிமேட் கேட்டால் அரை மணி என்றுதான் யாரும் போடுவார்கள். அதற்கு மேல் போட்டால் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்த லிஸ்ட் கோடில் ஓர் அரே, அதாவது வரிசையாக அடுக்கிய உருப்படிகள். அரேக்குப் பாடப்புத்தகத் தமிழில் 'அணி' என்று பெயர். அணியிலிருந்து ஒருவரை நீக்குவது எவ்வளவு வம்பு பிடித்த வேலை என்று எந்தத் தேர்வுக்குழுவைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் எஸ்டிமேட் போடும்போது அது யாருக்கு ஞாபகம் வருகிறது?

மொழி ஜாவாஸ்கிரிப்ட் என்று வையுங்கள். ஒரு ஃபார் லூப் (வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்துப் போகும் சுற்று), 0-இல் தொடக்கம்; அரேயில் முதல் இடத்தின் எண் 0. உள்ளே ஒரு இஃப்: இந்த ஆர்டர் ரத்தா? ஆமென்றால் ஸ்ப்ளைஸ் (அரேயிலிருந்து வெட்டி எடுக்கும் கட்டளை) போட்டு அந்த இன்டெக்ஸில், அதாவது இட எண்ணில், 1 எடு. டெஸ்டுக்குக் கைவசம் நாலு ஆர்டர்: ரத்து, நடப்பு, ரத்து, நடப்பு. ஓட்டினால் இரண்டு நடப்பும் சமர்த்தாக மிச்சம் நிற்கும். பச்சை டிக். மெர்ஜ்: கோடு அசல் புரோகிராமில் சேர்ந்தாயிற்று.

மறுநாள் காலையே புகார் வந்துவிடும்: ரத்தான ஆர்டர் இன்னும் திரையில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் இல்லையாம், சிலது மட்டுமாம். அந்த 'சிலது மட்டும்' என்ற சொல்லைக் கேட்டதுமே விவரம் தெரிந்தவர்கள் லூப்பைத் திறந்துவிடுவார்கள்.

அரே என்பது இடைவெளி விடாமல் நெருக்கி உட்கார்ந்த பெஞ்சு. ஒருவரை எழுப்பினால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஓர் இடம் முன்னால் நகர்வார்கள். லூப்புக்கோ அது தெரியாது; அது தன் பாட்டுக்கு அடுத்த எண்ணுக்குப் போகும். ரத்து, ரத்து, நடப்பு என்று இருந்தால் 0-இல் உள்ளது போகும், 1-இல் இருந்த ரத்து நகர்ந்து 0-க்கு வரும், லூப் 1-ஐப் பார்க்கும். அங்கே இப்போது நடப்பு இருக்கிறது. இரண்டாவது ரத்தை யாருமே விசாரிக்கவில்லை. மூன்று ரத்து அடுத்தடுத்து வந்தால் நடுவில் இருப்பவர் மட்டும் தப்பிப்பார். டெஸ்ட் தேறியதற்குக் காரணம் கோடின் திறமை இல்லை. அதில் இரண்டு ரத்து பக்கத்தில் பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

நீளத்தை லூப்புக்கு முன்னாலேயே ஒரு மாறியில் பிடித்து வைத்திருந்தால் கதை வேறு. லூப் ஆள் இல்லாத இடம் வரை போய், அன்டிஃபைன்டிடம் (ஒன்றுமில்லை என்பதற்கான மதிப்பு) "நீ ரத்தா?" என்று கேட்டு, அங்கேயே விழும். அது எவ்வளவோ தேவலை. சத்தம் போட்டு விழுகிறதே!

சரிசெய்யும் வழி பழையதுதான்: கடைசியிலிருந்து 0 வரை பின்னோக்கி வாருங்கள். அப்போதும் ஆட்கள் நகரத்தான் செய்வார்கள், ஆனால் நகர்கிறவர்கள் ஏற்கெனவே விசாரித்து முடித்தவர்கள். முன்னோக்கியே போகவேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், எடுத்த உடனே லூப் எண்ணில் 1 குறையுங்கள். இன்டெக்ஸ் எழுதாமலே ஒவ்வொன்றாகத் தரும் ஃபார்ஈச்சுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் இதே மாதிரிதான் தாண்டும். பைத்தானின் ஃபார் லூப்பும் அப்படியே, வாயே திறக்காது.

ஜாவா வாயைத் திறக்கும். அதன் ஃபார்-ஈச் லூப்புக்குள் லிஸ்டிலிருந்து எடுத்தால் 'கன்கரன்ட் மாடிஃபிகேஷன்' (ஒரே நேரத்தில் மாற்றம்) எக்ஸெப்ஷன், அதாவது பிழை. இருப்பது ஒரே த்ரெட் (ஒரே வேலை ஓட்டம்), இதில் யாரோடு யார் கன்கரன்ட் என்று கேட்டால் பதில் இல்லை. இதிலும் ஒரு சலுகை உண்டு. ஜாவாவின் லிஸ்ட் வகையான அர்ரேலிஸ்டில் கடைசிக்கு முந்தினதை எடுத்தால் கத்தாது. எண்ணிக்கை ஒன்று குறைந்ததும் 'முடிந்துவிட்டது' என்று நினைத்து லூப் வெளியே வந்துவிடும், கடைசி ஆள் விசாரணை இல்லாமலே விடுதலை. 2014-இல் வந்த ஜாவா 8-இலேயே, நிபந்தனைக்குப் பொருந்துவதை எல்லாம் நீக்கும் 'ரிமூவ்இஃப்' இருக்கிறது. பேசாமல் அதைப் போடுங்கள்.

லூப் சரியாகிவிட்டது. அடுத்த டிக்கெட்: "நான் ஒன்றை டெலீட் செய்தால் இரண்டு போகிறது."

இதன் பின்னால் இருப்பவர் டபுள் கிளிக்காரர். உலகில் எந்தப் பொத்தானையும் இரண்டு தடவை அழுத்தாமல் விடாத ஜாதி. முதல் கிளிக்கில் இன்டெக்ஸ்ஆஃப் ஆர்டரைத் தேடிப்பிடித்து, உதாரணமாக 3 என்று சொல்லும், ஸ்ப்ளைஸ் எடுத்துவிடும். இரண்டாவது கிளிக்கில் அதே ஆர்டரைத் தேடும், இல்லை, -1 என்று கையை விரிக்கும். அந்த -1-ஐ அப்படியே ஸ்ப்ளைஸிடம் கொடுத்தால், அதற்கு -1 என்றால் 'கடைசி ஆள்'. வரிசையின் கடைசியில் சிவனே என்று நின்றவர் காலி. -1 ஆனால் திரும்பிவிடு என்று ஸ்ப்ளைஸுக்கு மேலே ஒரு இஃப் போட்டால் போதும். இன்னொன்று: ஸ்ப்ளைஸில் எத்தனை எடுக்க வேண்டும் என்ற இரண்டாவது எண்ணை மறந்தால், அந்த இடத்திலிருந்து கடைசி வரை மொத்தமாகத் துடைத்துவிடும். ஸ்லைஸ், ஸ்ப்ளைஸ் இரண்டுக்கும் எழுத்துதான் பக்கத்தில் பக்கத்தில். முன்னது அசல் அரேயைத் தொடாது.

ஸ்ப்ளைஸே வேண்டாம் என்று ஜாவாஸ்கிரிப்டின் டிலீட் போடுபவர்களும் உண்டு. அது ஆளை எழுப்பும், யாரையும் நகர்த்தாது. இடம் பல் விழுந்த ஓட்டையாக இருக்கும், நீளமும் குறையாது. பிஎச்பியின் அன்செட்டும் இதற்குச் சகோதரம். 0, 1, 2, 3 என்ற சாவிகளில் 1-ஐ எடுத்தால் 0, 2, 3 மிஞ்சும். அதை ஜேசானாக (ஆப்புகள் தரவு பரிமாறும் எழுத்து வடிவம்) மாற்றும்போது, வரிசை விட்டுப் போனதால் அரேக்குப் பதில் ஆப்ஜெக்ட் (சாவி-மதிப்பு ஜோடிகள்) வெளியே வரும். லிஸ்டை எதிர்பார்த்துக் காத்திருந்த மொபைல் ஆப் கவிழும். மொபைல் டீம் சர்வர் பக்கம் பார்க்கும் பேக்கெண்ட் டீமைப் பார்க்கும், பேக்கெண்ட் டீம் கூரையைப் பார்க்கும். சாவிகளை 0-இலிருந்து மறுபடி அடுக்கும் 'அரே வேல்யூஸ்' என்று ஒரு சுற்று சுற்றி அனுப்பியிருந்தால் இந்த மீட்டிங்கே இல்லை.

சி++ இன்னும் வேடிக்கை. அல்காரிதம் நூலகத்தின் 'ரிமூவ்' எதையும் நீக்காது! வேண்டியதை எல்லாம் முன்னால் தள்ளிவிட்டு, "இதுவரைதான் உருப்படியானது" என்று விரலைக் காட்டி நிற்கும். வெக்டரின் (சி++-இல் அரே மாதிரியானது) அளவு மாறாது. அந்த விரலிலிருந்து கடைசி வரை 'இரேஸ்' போடுவது நம் பொறுப்பு. 2020 தரத்தில்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒரே அழைப்பு கொடுத்தார்கள்.

வேகமும் இந்த நகர்வில்தான் அடிபடும். பைத்தான் லிஸ்டில் 1 லட்சம் உருப்படியை முன்னாலிருந்து ஒவ்வொன்றாக பாப் செய்து எடுத்தால், மொத்த நகர்வு ஏறத்தாழ 500 கோடி. முன்னாலிருந்து எடுக்கும் வேலை என்றால், இரு முனையிலும் எளிதாக எடுக்க விடும் டெக் இருக்கிறது. வரிசை ஒழுங்கு முக்கியமில்லை என்றால், கடைசி ஆளை எடுத்த இடத்தில் உட்காரவைத்துவிட்டு வாலை மட்டும் வெட்டுங்கள். ஒரே நகர்வு. ரஸ்டில் இதற்கென்றே 'ஸ்வாப் ரிமூவ்' உண்டு.

இத்தனையும் பார்த்தபின் எல்லாரும் ஃபில்டருக்கு வந்து சேர்வார்கள், நியாயம்தான். வேண்டியதை மட்டும் பொறுக்கிப் புது அரே தரும். இன்டெக்ஸ் தலைவலி இல்லை. ஆனால் புது அரே! பழையதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் வேறு மாட்யூலுக்கு (புரோகிராமின் வேறு பகுதிக்கு) இந்தச் செய்தி போகாது. லிஸ்டில் 12 ஆர்டர், தலைப்பில் '15 ஆர்டர்கள்'. டிக்கெட் மறுபடி திறக்கும், எஸ்டிமேட் கட்டத்தில் இந்தத் தடவையும் அரை மணி என்றுதான் இருக்கும்.