நான்கு பங்கு கொழுப்பு

மகளுக்கு இரண்டு மருந்துகள் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு அடங்கவில்லை. அப்புறம்தான் மருத்துவர், மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவைப் பற்றிச் சொன்னார். எடை குறைக்கிறவர்கள் சொல்லும் கீட்டோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் வலிப்புக்காகவே முன்வைத்த சிகிச்சை இது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதைப் பார்த்துவிட்டு, பட்டினி போடாமலே, சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும் அதே நிலைக்கு உடலைக் கொண்டுபோக யோசித்திருக்கிறார்.

மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம். ஒவ்வொரு வேளையும் தராசில் நிறுத்துத்தான் தட்டில் வைக்கிறோம். இருமல் சிரப்பில் இருக்கும் சர்க்கரைகூடக் கணக்கில் வரும். மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனசு கேட்காது.

லண்டனில் 145 குழந்தைகளிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது இந்த உணவு எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு. எடுக்காதவர்களில் 6 சதவீதம். எல்லோருக்கும் பலிக்காது. ஆனால் மருந்துகள் கைவிட்ட குழந்தைகள் இவர்கள்!

தயவுசெய்து வீட்டில் தாங்களாக ஆரம்பிக்காதீர்கள். கொழுப்பை எரிக்க முடியாத சில பிறவிக் குறைபாடுகள் உள்ள குழந்தைகளுக்கு இது உயிருக்கே ஆபத்து. முதலில் ரத்தப் பரிசோதனை வேண்டும். சிறுநீரகக் கல், மலச்சிக்கல், வளர்ச்சி எல்லாவற்றையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு மருந்து தோற்றுவிட்டதா? இந்த உணவைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். நான் ஒரு வருடம் தாமதமாகக் கேட்டேன்.