நாலாவது பேனாக்கத்தி

பொட்டலத்தைப் பிரித்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "இது எத்தனையாவது?"

நாலாவது. மேசை இழுப்பறையில் ஏற்கெனவே மூன்று கிடக்கின்றன. மூன்றையும் ஆசையோடுதான் வாங்கினேன், மூன்றும் ஒவ்வொரு விதத்தில் ஏமாற்றின. இந்த நாலாவது ஒன்றரை வருடமாகத் தினமும் சட்டைப்பையில் இருக்கிறது. சின்ன மடக்குக் கத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நான் சுற்றினேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. இன்றும் தாளில், பென்சிலால்தான் திருத்துகிறேன். ஷார்ப்னர் சீவித் தரும் கூம்பு எனக்குப் போதாது. ஈயம் நீளமாக வெளியே நிற்க வேண்டும். அது போக புத்தகக் கட்டின் சணல், பொட்டலத்தின் டேப், கடித உறை, சட்டையில் தொங்கும் நூல், எப்போதாவது ஒரு பழம். இரண்டு வாரம் ஒரு சீட்டில் குறித்துக்கூட வைத்தேன். நாலு விரற்கடைக்கு மேல் நீளமான அலகு (வெட்டும் தகடு) தேவைப்பட்ட வேலை ஒன்றுகூட அதில் இல்லை.

இந்தச் சீட்டை முதல் கத்தி வாங்கும் முன்பே எழுதியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். முதல் கத்தி கறுப்பு நிறம், திறந்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு வைத்தது, ஒரு கையால் திறப்பது. சட்டைப்பை ஒரு பக்கமாகத் தொங்கியது. வேலை செய்யும் இடத்தில் அதை எடுத்து ஒரு உறையைக் கிழித்தேன். எதிரே இருந்தவர் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பென்சில் சீவ வரவில்லையே! அலகின் முதுகு நாலு மில்லிமீட்டர் தடிமன். மரத்தில் நுழைந்ததும் சீவுவதற்குப் பதிலாகப் பிளந்தது, ஆப்பு வைத்த மாதிரி. பழைய பாணிச் சின்னக் கத்திகளின் அலகு பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மெலிந்த அலகு கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டும். தடித்த அலகை எவ்வளவு தீட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் உள்ளே போகாது.

நம் மொழியில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது, பேனாக்கத்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி அது. 'பேனா' என்ற சொல்லே போர்த்துக்கீசிய மொழியில் இறகைக் குறிக்கும் 'பெனா'விலிருந்து வந்ததுதான். நான் பென்சில் சீவுகிறேன். கத்தி தன் குலத்தொழிலை விட்டு அதிகம் விலகிவிடவில்லை.

இரண்டாவது கத்தி பார்க்க அத்தனை லட்சணம். கொம்புப் பிடி, மூன்று அலகு. திறக்கத்தான் முடியாது. நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் பெயர்ந்துவிடும் போலிருக்கும். அப்போதுதான் இந்தக் கத்திகள் வேலை செய்யும் விதத்தையே சரியாகக் கவனித்தேன்.

பூட்டு இல்லாத மடக்குக் கத்தியில் பிடியின் முதுகோடு ஓர் எஃகுப் பட்டை ஓடும். அதுதான் வில். அலகின் அடிக்கட்டையை (பிடிக்குள் ஆணியில் சுழலும் பகுதி) அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். நாம் திறக்கும்போது அடிக்கட்டையின் மூலை பட்டையைத் தூக்கும். மூலை தாண்டியதும் பட்டை 'டக்' என்று தட்டைப் பக்கத்தில் உட்காரும். கத்தி திறந்து நிற்பதும் மூடிக் கிடப்பதும் இந்த அழுத்தத்தால் மட்டுமே. 1897இல் கத்தி செய்பவரான கார்ல் எல்சனர் பதிவு செய்த சுவிஸ் ராணுவ அதிகாரிகள் கத்தியின் சாமர்த்தியமே இந்த வில்லில்தான் இருந்தது: ஆறு கருவிகளுக்கு இரண்டே வில். ஜப்பானின் ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தியில் வில்லே கிடையாது. அலகின் வாலை நம் கட்டைவிரல் அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பிரான்சின் சவாய் பகுதியில் 1890இல் தொடங்கிய ஒபினெல் கத்தியிலும் முதுகுவில் இல்லை, மரப்பிடியின் இறுக்கம்தான். 1955இல் அதன் கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். மரம் ஈரத்தில் ஊதினால் அலகு வெளியே வர அடம்பிடிக்கும். அதற்கு அந்த ஊர்க்காரர்களின் வழி, பிடியின் அடிப்பகுதியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவது. அலகின் முதுகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம்.

வில்லின் இறுக்கத்தை ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்டுச் சொல்வது கத்திப் பித்துப் பிடித்தவர்களின் வழக்கம். என் நகத்துக்கு ஐந்து சரி. மூன்றுக்குக் கீழே போனால் பையிலேயே திறந்துகொள்ளுமோ என்ற பயம் வரும். எட்டு என்றால் இழுப்பறைக்குத்தான். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காய்ந்த கையால் திறந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையை நனைத்துத் துடைத்துவிட்டு, நகம் இளகியிருக்கும்போது இழுத்துப் பாருங்கள். அப்போது இரண்டு எண் கூடிவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பாடம் எடுத்தது. ஒற்றை அலகு, கைக்கு அடக்கம், வில் மிதமான இறுக்கம், வரும்போதே மயிர் மழிக்கும் கூர். மூடும்போது கேட்கும் சத்தத்துக்காகவே சும்மா உட்கார்ந்து திறந்து திறந்து மூடுவேன். ஒரு வாரம் கழித்து டேப்பை வெட்டும்போது நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிக்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கூரின் நடுவில் மணல் அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. கூர் சரியாக இருந்தால் வெளிச்சம் படாது. மழுங்கிய இடம்தான் மின்னும். தீட்டினேன், போயிற்று. அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி. இரும்பு கிரும்பு எதிலோ பட்டிருக்கும் என்று மறுபடி தீட்டினேன். மூன்றாவது முறை வந்தபோதுதான் உறைத்தது.

மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைப் பிடியின் பள்ளத்துக்குள் வில்லின் மேல் படுக்க வைத்து, கத்தியை வழக்கம்போல 'டக்'கென்று மூடினேன். திறந்து காகிதத்தை எடுத்தால் நடுவில் ஒரு சிறு வெட்டு. நான் ரசித்த சத்தம், கூர் போய் வில்லின் மேட்டில் மோதும் சத்தம்! இரும்பு எங்கும் வெளியில் இல்லை, கத்திக்குள்ளேயே இருந்தது.

அடிக்கட்டையின் முன்பக்கம் ஒரு சின்னக் குமிழ் துருத்தியிருக்கும். கத்தி மூடியிருக்கும்போது அதுதான் வில்லில் முட்டி, கூரைக் காற்றில் நிறுத்துகிறது. அந்தக் குமிழ் ஒரு மயிரிழை குறைந்திருந்தாலும், வேகமாக மூடும்போது கூர் வில்லைத் தொட்டுவிடும். இதைப் பெரிய குற்றமாகச் சொல்லவும் முடியாது. லாகியோல் வகைக் கத்திகளை விரலால் தாங்கி மெதுவாக மூடுவதுதான் மரபு, சத்தம் கேட்க மூடக்கூடாது. என் மூன்றாவதையும் அப்படியே மெதுவாக மூடியிருந்தால் இன்னும் சட்டைப்பையில் வைத்திருந்திருப்பேன். ஆனால் அதற்குள் மனம் விட்டுப்போயிற்று.

(லாகியோல் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. அது ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் பெயர். நெடுங்காலம் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை அலகில் பொறிக்கலாம் என்று இருந்தது. பெயரையும் வில்லின் தலையில் இருக்கும் தேனீ உருவத்தையும் பார்த்து மயங்க வேண்டாம்.)

அந்தக் காகிதக் கீற்றுக்குப் பிறகு என் பார்வையே மாறியது. அதுவரை புதுக் கத்தி வந்தால் முதல் வேலையாகக் கூரைத்தான் சோதிப்பேன். இப்போது கடைசியில்தான். கூர் என்பது நான் அரை மணி நேரத்தில் வைத்துவிடக்கூடியது. ஆணி சாய்ந்திருந்தால், வில் உட்காராமல் இருந்தால், அலகு கோணியிருந்தால் நான் என்ன செய்ய முடியும்? சரி செய்ய முடியாததை முதலில் பார்ப்பதுதானே புத்தி.

நாலாவது வந்ததும் ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம், அதுவும் நுனிப்பக்கம் மட்டும். போகட்டும். அலகு பள்ளத்தின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா என்று மேலிருந்து பார்த்தேன். நடுவில்தான். திறந்து, நுனியை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக அசைத்தேன். அசையவில்லை. புதிதிலேயே ஆடினால் நாளாக நாளாக அதிகம்தான் ஆடும். அப்புறம் நகத்தால் முதுகைத் தடவினேன். அலகு முடிந்து வில் தொடங்கும் இடத்தில் நகம் தட்டுப்படக்கூடாது. திறந்த நிலையில் வழுக்கிக்கொண்டு போனது. மூடிய நிலையில் லேசாக ஒரு படி. நுனி பிடிக்குள் முழுதாக அடங்கியிருக்கிறதா என்று விரலால் வருடினேன். சட்டைப்பையில் கைவிடும்போது நினைவில்லாமல் குத்து வாங்குவது இங்கேதான்.

கடைசியாக, கத்தியை இறுக்கிப் பிடித்து ஒரு புதுப் பென்சிலைக் கால்வாசி நீளத்துக்குச் சீவித் தள்ளினேன். கூரைப் பார்க்க இல்லை. முடித்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தேன். முதல் கத்தி பிடியின் மூலைகள் பட்டு இரண்டு சிவப்புக் கோடு வைத்தது, ஞாபகம் இருக்கிறது. இது வைக்கவில்லை.

எஃகு விஷயத்தில் சண்டை ஓயாது. சுருக்கமாக என் கட்சி: கார்பன் எஃகு. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் கலந்திருக்கும்; துடைக்க மறந்தாலும் மன்னிக்கும். ஈரத்தில் வேலை செய்பவர்களுக்கும் மறதிக்காரர்களுக்கும் அதுதான். கார்பன் எஃகு மன்னிக்காது. முதல் கோடையில் பை வியர்வையில் நனைந்து, நகக்குழிக்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு வந்துவிட்டது. ஆனால் பழச்சாறு பட்டுப் பட்டு அலகில் ஏறும் சாம்பலும் நீலமும் கலந்த கறை வேறு. அது துரு இல்லை. செந்துருவை ஓரளவு தடுக்கும் மேல்பூச்சு. தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். என் கத்தி இப்போது மழைமேக நிறத்தில் இருக்கிறது. மூட்டுக்கு மாதம் ஒருமுறை ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுகிறேன். சமையல் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப் பசையாகிவிடும்.

தீட்டுவது எளிது. ஆயிரம் கிரிட் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) சாணைக்கல், பக்கத்துக்குச் சுமார் 15இலிருந்து 20 டிகிரி சாய்வு, மறுபக்கம் மெல்லிய உலோகப் பிசிர் எழும்வரை. பிறகு பக்கம் மாற்றி அதே கணக்கு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு. வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: கூர் பிடி வரைக்கும் வந்து முட்டாமல் அதற்கு முன்பே ஒரு சின்ன வெட்டில் முடிந்தால் கல்லில் முழு நீளமும் படியும். இல்லையென்றால் நாலு வருடத்தில் அடிப்பக்கம் தொப்பை போட்டுவிடும்.

பூட்டு இல்லாததால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இது இழுத்து வெட்டும் கத்தி, குத்தும் கத்தி இல்லை. நான் ஒருமுறை அட்டைப்பெட்டியில் குத்தித் திருகினேன். அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பூட்டுக் கத்தியே பாதுகாப்பு என்பீர்கள். ஆனால் சட்டம் சில இடங்களில் தலைகீழாகப் பார்க்கிறது. பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் முந்தின இரவே பையிலிருந்து எடுத்துப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

போன வாரம் நான் மெய்ப்பில் மூழ்கியிருந்தபோது மனைவி வந்து, ரவிக்கையில் நூல் வெட்ட வேண்டும் என்று என் சட்டைப்பையிலிருந்தே கத்தியை எடுத்துக்கொண்டாள். நகம் வைத்தாள், திறந்தாள், நூலை வெட்டினாள். பின் ஒரே தட்டில் 'டக்'.

"மெதுவா! கட்டைவிரலை வச்சுத் தாங்கி மூடணும்" என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

கத்தியை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மூடுறதுக்குமா பாடம்?"

அவள் போனதும் ஒரு காகிதக் கீற்றைக் கிழித்து உள்ளே வைத்து நானும் ஒருமுறை அதே வேகத்தில் மூடிப் பார்த்தேன். வெட்டு விழவில்லை.