வந்த வாசலில் திரும்பாமல்

அம்மா வேண்டிக்கொண்டது மூன்று வருடங்களுக்கு முன்பு. நான் குடித்துவிட்டுத் திண்ணையில் விழுந்து கிடந்த ஓர் இரவில், "மகாலிங்கசாமி, இவனை மீட்டுக் கொடு, வெறுங்காலோடு உன் வாசலுக்கு அழைத்து வருகிறேன்" என்றாளாம். எனக்கு நினைவில்லை. டாக்டரிடம் போய், மாத்திரை சாப்பிட்டு, ஒருமுறை சறுக்கி, மறுபடி நிறுத்தி, இப்போது 11 மாதங்கள் ஆகின்றன. டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் என்னை இழுத்துப் போனவன் யார் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும்தான்.

சனிப் பிரதோஷத்தன்று மகாலிங்கசாமி இருக்கும் திருவிடைமருதூருக்குக் கிளம்பியது என் மடமை. கும்பகோணத்தில் மயிலாடுதுறை பஸ் பிதுங்கி வழிந்தது. அம்மாவின் முழங்காலைப் பார்த்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அந்தக் குழந்தை நன்றாக இருக்க வேண்டும்.

கிழக்குக் கோபுரத்தடியில் ஒருவர் பிடித்துக்கொண்டார். கோயிலுக்குச் சம்பந்தமில்லாத ஆள், நெற்றி நிறைய விபூதி. "தோஷம் முகத்திலேயே தெரிகிறது சார். தனியாகச் செய்துவிடலாம், வரிசையே வேண்டாம்." முகத்தில் தெரிகிறதாம்! வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தை என்னை ஒரு வாரம் அரித்திருக்கும். குடி போனபின்னும் போகாதது அதுதான். பின்னிரவு 2 மணிக்கு எழுப்பி, 'நீ உருப்படமாட்டாய், மறுபடி எப்போது விழுவாய் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஓதும் குரல். பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்க்கலாம். இதை எங்கே கொட்டுவது?

அம்மா அவரிடம், "அதை அப்பனிடமே சொல்லிக்கொள்கிறோம், வழியை விடுங்கள்" என்றாள்.

வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி இந்த வாசலோடு நின்றுவிட்டது. அவன் குதிரையின் காலில் சிக்கி ஓர் அந்தணர் இறந்தார். வேண்டுமென்று செய்த பாவமில்லை, ஆனாலும் விடவில்லை. பாண்டியன் அதனோடு சண்டை போடவில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த இடம். அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று வேறு வாசல் வழியாகப் போய்விட்டான். அதனால்தான் இங்கே வந்த வாசலில் திரும்பக்கூடாது என்பார்கள்.

வரிசையில் இரண்டு மணி நேரம். முதுகில் முழங்கை, காதருகே யாரோ போனில் நிலப் பத்திரம் பேசிக்கொண்டே வந்தார். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தேன். திரை விலகித் தீபம் உயர்ந்தபோது அத்தனையும் போய்விட்டது. மகாலிங்கத்தின் மேல் சாத்தியிருந்த வில்வத்தில் ஓர் இலை மட்டும் தனியே தொங்கி, சுடரின் வெளிச்சத்தில் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால், கூப்பிய கையோடு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமியைப் பாரம்மா."

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றாள். அதற்குள் "நகருங்கள், நகருங்கள்" என்று தள்ளிவிட்டார்கள்.

அன்றோடு அந்தக் குரல் ஒழிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். நேற்றும் வந்தது. வாசலிலேயே நில் என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தேன், தூங்கிவிட்டேன். 2 மணிக்குத் தூங்கினேன், பெருமானே! இதற்கு உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

பெருமுலைநாயகியையும் மூகாம்பிகையையும் எப்படித் தரிசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. அம்மன் சன்னிதி வழியாக வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது: செருப்பு கிழக்கு வாசலில்! போன வாரம் வாங்கியது. சுற்றிக்கொண்டு ஓடி எடுத்து வந்துவிடலாம் என்று திரும்பினேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்திரகிரியாருக்குத் திருவோடும் நாயும். உனக்குச் செருப்பா?"

இதே கோயிலின் மேலைக் கோபுரத்தில் துறவியாக இருந்தவர் அவர். கீழைக் கோபுரத்தில் இருந்த அவருடைய குரு பட்டினத்தார், திருவோடும் நாயும் வைத்திருக்கும் சம்சாரி என்று அவரைச் சொன்னது காதில் விழ, ஓட்டை விட்டெறிந்தார். சின்ன வயதில் அம்மா எத்தனையோ முறை சொன்ன கதை.

பஸ் நிறுத்தம் வரை இருவரும் வெறுங்காலில் நடந்தோம். தார்ச்சாலை பொழுது சாய்ந்த பிறகும் சுட்டது. கும்பகோணத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. குதிகாலில் ஒரு சிறு கல் அழுத்திக்கொண்டே வந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்ததும் எடுத்து ஜன்னல் வழியே போட்டேன்.